சீரீஸ்: தொடரா, கோவையா?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிளஸ் ஒன் மாணவி என் புத்தக அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: "அக்கா, இது சீரீஸா? அப்போ ஒண்ணாவதுல இருந்துதான் படிக்கணுமா?"

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டைவிட்டு நகர முடியாது. அந்த நாட்களுக்காகவே நான் நீளமான ஃபேன்டசி, அறிவியல் புனைவு நாவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவளுடைய முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு 'சீரீஸ்' என்ற சொல்லுக்குள் பதில் இல்லை. தமிழில் தேடினால் இருக்கிறது.

சீரீஸ் இலத்தீனச் சொல். 'செரெரே' என்ற வினைக்கு ஒன்றோடு ஒன்றைச் சேர், இணைத்துக் கட்டு என்று பொருள். அதிலிருந்து வந்த 'செரியேஸ்' வரிசையையும் சங்கிலியையும் குறித்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் நாம் தட்டுகிற 'இன்சர்ட்' என்ற சொல்லும் இதே வேர்தான். 19ஆம் நூற்றாண்டில் கதைகள் பத்திரிகைகளில் பகுதி பகுதியாக வரத் தொடங்கியபோது 'சீரியல்' பிறந்தது. நம் ஊரில் சீரியல் என்றால் டிவியில் வருவது, இல்லாவிட்டால் கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் லைட்டு.

சீரீஸுக்குத் தமிழில் எல்லோரும் சொல்வது 'தொடர்'. கிரிக்கெட் தொடர், தொடர்கதை, நெடுந்தொடர், கணக்குப் புத்தகத்தில் வரும் தொடர், இயற்பியலில் வரும் தொடரிணைப்பு, ரயிலுக்குத் தொடர்வண்டி. நாங்கள் குடியிருக்கும் மலைக்கே மேற்குத் தொடர்ச்சி மலை என்றுதான் பெயர். நல்ல சொல், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பழைய பொருளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வரும் புறநானூற்று 74ஆம் பாட்டில் 'தொடர்ப்படு ஞமலி' என்று ஒரு சொற்றொடர் உண்டு. சங்கிலியில் கட்டிய நாய் என்று அர்த்தம். தொடர் என்றால் சங்கிலி. ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும். ஒன்று அறுந்தால் அதோடு போயிற்று.

பூ தொடுப்பதில் வரும் 'தொடு'வும் இந்தக் குடும்பம்தான். எங்கள் மார்க்கெட்டில் பூக்கார அம்மாவின் விரலைக் கவனித்தால் இது புரிந்துவிடும். இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இறுக்குகிறார். அடுத்த முடிச்சு முந்தைய முடிச்சின் தோளில் ஏறி உட்காருகிறது. நடுவில் ஒரு பூவை உருவினால் அந்த இடம் தளர்ந்து, பக்கத்தில் இருப்பவையும் ஆடத் தொடங்கும். ஊசியில் நூலைக் கோத்து மணி சேர்ப்பது வேறு வேலை. மணிக்கு மணி முடிச்சு இல்லை. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே நூல் ஓடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மணியும் தன் உருண்டையில் முழுசாக இருக்கிறது.

அந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் கோத்தல். பேச்சில் 'கோர்த்து' என்கிறோம். எழுத்தில் 'கோத்து' என்பதே சரி. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் கோவை. ஆக, பூத் தொடுப்பதும் மணி கோப்பதும் தமிழுக்கு வேறு வேறு. சீரீஸ் என்று வெறுமனே சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. நீண்ட கதை வரிசை எப்படிப் பழசாகாமல் இருக்கிறது என்பதற்கான விடையும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

தொடருக்கு ஓர் எடுத்துக்காட்டு, ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்'. 1990ல் தொடங்கி 2013ல் முடிந்தது, மொத்தம் 14 பாகம். ஒரே கதை, ஒரே கடைசிப் போரை நோக்கிய பயணம். ஒன்றைத் தாண்டி அடுத்ததைப் படிக்க முடியாது. இப்படிப்பட்ட தொடரில் வரும் ஆபத்து என்னவென்றால், நூற்றுக்கணக்கான பாத்திரங்களை ஒருவரும் விட்டுப்போகாமல் கூட்டிக்கொண்டு நகர வேண்டியிருக்கும். நடுப் பாகங்களில் கதை மெதுவாகிவிட்டது என்று அதை நேசிக்கும் வாசகர்களே சொல்வார்கள். 2007ல் ஜோர்டன் இறந்தபோது 11 பாகங்கள் வந்திருந்தன. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றையும் எழுதி முடித்தார். எனக்கு எங்கள் மலை ரயில்தான் நினைவுக்கு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூரில் இன்ஜினை மாற்றி டீசல் இன்ஜின் பூட்டுவார்கள். பெட்டி அதே, பயணிகள் அதே, ஊட்டியும் அதே. தொடர்வண்டி என்ற பெயர் அந்தக் குன்னூர் நிறுத்தத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இனி கோவை. இது நம் இலக்கியத்தில் ஒரு நூல் வகையின் பெயர். அகப்பொருட்கோவை என்பார்கள். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாட்டு, 25 அதிகாரம். ஒரு தலைவன், ஒரு தலைவி, முதல் பார்வையிலிருந்து திருமணத்தையும் தாண்டிப் போகிற ஒரே காதல் கதை. கதை எப்படிப் போகும் என்று வாசகனுக்கு முன்கூட்டியே தெரியும். காதலர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் 400 பாட்டை எப்படிச் சலிக்காமல் கொண்டுபோவது? பேசுகிறவரை மாற்றுகிறார்கள். இந்தப் பாட்டில் தலைவன் பேசுவான், அடுத்ததில் தோழி, அப்புறம் தலைவி, இன்னொன்றில் மகளைப் பிரிந்த செவிலித்தாய். ஒவ்வொரு பாட்டும் ஒரு துறை, ஒரு சின்னக் காட்சி. தனியாக எடுத்துப் படித்தாலும் நிற்கும். எல்லாவற்றுக்குள்ளும் நூலாக ஓடுவது தில்லை. நம் புலவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு' இதே முறையில் போகிறது. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். ஆமை மேல் நான்கு யானை, யானைகள் மேல் தட்டையான ஓர் உலகம்: அதுதான் நூல். கதையின் நடுவில் நிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார். ஒரு புத்தகத்தில் மந்திரவாதி, இன்னொன்றில் சூனியக்காரக் கிழவிகள், வேறொன்றில் நகரக் காவலர்கள், சிலவற்றில் மரணமே நடுவில் வந்து நின்று பேசும். அந்த உலகமும் உறைந்து நிற்பதில்லை. 2000ல் வந்த நாவலில் அங்கே செய்தித்தாள் தொடங்குகிறது, 2004ல் மூடிக் கிடந்த தபால் நிலையம் உயிர் பெறுகிறது, 2013ல் ரயில் வருகிறது. புது மணி சேரச் சேர நூலும் கொஞ்சம் நீள்கிறது.

தொடராகத் தொடங்கி, முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி கோத்தவர்களும் உண்டு. பிராங்க் ஹெர்பர்ட் 1981ல் வந்த நான்காவது 'டியூன்' நாவலில் கதையை ஏறக்குறைய 3500 ஆண்டுகள் தள்ளிக்கொண்டு போனார். பழைய மனிதர்களில் ஒன்றிரண்டு பேர் தவிர எல்லோரும் வரலாறாகிவிட்டார்கள். மணல் மட்டும் மிச்சம், அதுவும் குறைந்துவிட்டது. அர்சுலா லெ குவின் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. 'எர்த்சீ'யின் மூன்றாம் புத்தகம் 1972ல் வந்தது, நான்காவது 1990ல். பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் அவர் கதையை, முன்பு சிறுமியாக வந்த ஒருத்தியின் கையில் கொடுத்தார். இப்போது அவள் கணவனை இழந்து பண்ணை வீட்டில் இருக்கும் நடுவயதுப் பெண். மாபெரும் மந்திரவாதி சக்தி எல்லாம் போய், களைத்து அவளிடம் வந்து சேருகிறான். அதே தீவுகள்தான். ஆனால் மந்திரம் யாருக்குச் சொந்தம், வீட்டு வேலை யாருடையது என்ற கேள்விகள் அதற்குள் நுழைந்துவிட்டன. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால் சில மாதம் தோட்டமே மொட்டையாகத் தெரியும், கொழுந்து கிடைக்காது. பிறகு அதே வேரிலிருந்து இளங்கொழுந்து வரும். அந்த நான்காம் புத்தகத்தைப் படிக்கும்போது அப்படித்தான் இருந்தது.

தமிழிலும் சின்ன அளவில் ஒன்று சொல்லலாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்கு அடுத்து வந்தது 'மீண்டும் ஜீனோ'. முதல் கதையில் கூட வந்த இயந்திர நாய் இரண்டாவதில் தலைப்புக்கே வந்துவிட்டது. பேசுகிறவரை மாற்றும் அதே கோவை முறை.

சரி, கோவை என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமா? எங்கள் பஸ் ஸ்டாண்டில் கோவை என்றால் ஒரே அர்த்தம்தான். அந்தப் போர்டு போட்ட பஸ் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குப் போகும். 'கதைக்கோவை' என்றாலோ பலர் எழுதிய சிறுகதைத் தொகுப்பு என்று ஏற்கெனவே பழகிவிட்டது. அதனால் நான் 'நாவல்கோவை' என்று சொல்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாகவே படிக்க வேண்டியதற்கு 'நாவல் தொடர்', எங்கிருந்தும் தொடங்கக்கூடியதற்கு 'நாவல்கோவை'. இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'வரிசை' போதும். பழகப் பழக நாக்கில் வந்துவிடும். தொடர்கதை என்ற சொல்லும் அப்படித்தானே வந்தது.

அந்தப் பெண்ணுக்காக அன்று மாலையே அலமாரித் தட்டுகளில் சின்னச் சீட்டு ஒட்டினேன். மேல்தட்டில் "தொடர்: 1லிருந்து", கீழ்த்தட்டில் "கோவை: எதிலிருந்தும்". மறுநாள் வந்தவள் இரண்டு சீட்டையும் படித்துவிட்டு, கீழ்த்தட்டில் முதுகு முதுகாக விரலை ஓட்டி, டிஸ்க்வேர்ல்டின் எட்டாவது புத்தகத்தை உருவி எடுத்தாள். நகரக் காவலர்கள் முதன்முதலாக வருகிற புத்தகம் அது. உருவிய இடத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. மற்ற புத்தகங்கள் சாயாமல் அப்படியே நின்றன.