குழாய் இருவருக்கும் உண்டு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம். இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரும் பெண்ணிடம் அநேகமாக ஒரு கேள்வி வந்துவிடும். "கையோட கு.க. பண்ணிரலாமுங்களா?" கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை. மலையாளத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் கேள்வி அவளை நோக்கித்தான். கணவன் மருந்துச் சீட்டோடு பார்மசி வரிசையில் நின்றுகொண்டிருப்பான். அவனிடமும் கட்டக்கூடிய இரண்டு குழாய்கள் இருப்பது அந்த வார்டில் யாருக்கும் நினைவில் வராது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். பெண்கள் பக்கம் கேரளத்தில் 47, தமிழ்நாட்டில் 58, ஆந்திரத்தில் 70 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆண்கள் பக்கம் மூன்று மாநிலத்திலும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. படிப்பில் முந்தி நிற்கும் கேரளமும் இதில் விதிவிலக்கு இல்லை.

இந்த வித்தியாசத்துக்கு உடற்கூறு காரணம் இல்லை. விரைகளுக்கு இரண்டு வேலை. ஒன்று விந்தணுவை உருவாக்குவது. உள்ளே சுருண்டு கிடக்கும் நுண்குழல்களில் நடக்கும் இந்த வேலைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். இன்னொன்று டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது. அதைச் செய்பவை அந்தக் குழல்களுக்கு நடுவே இருக்கும் லேடிக் செல்கள். விந்தணு வெளியே வர விந்துக்குழாய் வேண்டும். டெஸ்டோஸ்டிரோனுக்கு அது வேண்டாம், நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ஆணுக்கான கருத்தடை சிகிச்சையான வாசக்டமியில் அடைபடுவது விந்துக்குழாய் மட்டும். மீசை, குரல், ஆசை, விறைப்பு எதற்கும் அந்தக் குழாயோடு சம்பந்தமில்லை. வெளிவரும் விந்திலும் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர்தான். விந்தணுக்களின் பங்கு 2 முதல் 5 சதவீதம். நூறு பேர் நெருக்கியடிக்கும் பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கினால் கண்டக்டருக்கு வேண்டுமானால் தெரியும், பஸ்ஸுக்குத் தெரியாது.

சிகிச்சையும் சின்னதுதான். 1974-ல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறையைத்தான் நம் ஊரில் நவீன வாசக்டமி என்கிறார்கள். விரைப்பையின் தோலை மரத்துப்போகச் செய்து, கூரான இடுக்கியால் ஒரு துளை போட்டு, குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டி, திரும்ப உள்ளே விடுவார்கள். தையல் கிடையாது. அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பெண்ணின் சினைக்குழாய் வயிற்றுக்குள் இருப்பதால் வயிற்றைத் திறக்காமல் அதைத் தொட முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். முறையாகச் செய்தால் இரண்டுமே பாதுகாப்பானவைதான் என்றாலும், ஆணுக்கானது எளிது, ஆபத்தும் குறைவு.

அப்படியிருந்தும் ஆண் ஏன் வருவதில்லை? பயம் என்பார்கள். ஊசி குத்துவதற்கான பயம் அல்ல இது. விந்து என்றால் உயிர்ச்சத்து, போனால் உடம்பு போச்சு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. விந்து விரயமாகிறதே என்று கவலைப்பட்டு இளைத்துப்போகும் ஆண்களின் நிலைக்கு 1960-ல் மனநல மருத்துவர் என். என். விக் 'தாட் நோய்க்குறி' என்று பெயரே வைத்தார். லாட்ஜில் தங்கி, ஊர் ஊராக விளம்பரம் கொடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் பிழைப்பே இந்தக் கவலையில்தான் ஓடுகிறது.

இதே பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் தோப்புகளில் கள் இறக்க மரம் ஏறுகிறவரும், லாரியில் லோடு ஏற்றுகிறவரும் கேட்பது ஒன்றைத்தான்: "அப்புறம் பாரம் தூக்க முடியுமுங்களா?" ஒரு வாரம் பொறுத்தால் தாராளமாக முடியும். வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வரும் மனைவி தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பயம் உடலுக்குள் இறங்கி வேலை செய்யும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வொன்று 2007-ல் வெளியானது. ஒரு பிரிவினரிடம் பாலுறவில் சிக்கல் வரலாம் என்று எச்சரித்தார்கள், இன்னொரு பிரிவினரிடம் சொல்லவில்லை. எச்சரித்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் சிக்கல் வந்ததாகச் சொன்னார்கள். சொல்லாதவர்களில் 15 சதவீதம் பேர்தான். இரண்டு பிரிவுக்கும் மாத்திரை ஒன்றே.

விறைப்பு வர, ரத்தக் குழாய்கள் தளர வேண்டும். உடம்பு நிம்மதியாக இருக்கும்போது இயங்கும் நரம்புகள் அதைச் செய்கின்றன. பதற்றம் வந்தால் எதிர் நரம்புகள் விழித்துக்கொண்டு குழாய்களைச் சுருக்கிவிடும். 'முன்ன மாதிரி முடியுதா' என்று படுக்கையில் தன்னையே வேவு பார்ப்பவனுக்கு முடியாமல் போவதற்கு அந்த வேவே போதும். பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் இதை 1970-லேயே விளக்கினார்கள். ஆண் என்றால் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில்தான் இந்த வேவுக்கு அவசியம் வருகிறது. வாசக்டமி செய்துகொண்ட ஒருவருக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்த்துவிட்டால், பழி விந்துக்குழாய் மேல் விழும். டீக்கடைக்கு வரும்போது அது ஊரறிந்த உண்மை ஆகிவிடும்.

ஆண்களின் பயத்தோடு கதை முடிவதில்லை. கணவன் சரி என்ற பிறகும் மனைவி மறுப்பது உண்டு. பாசத்தால் மறுக்கிறாள், அவர் சம்பாதிக்கிறவர் என்பதால் மறுக்கிறாள் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். அவள் சொல்லும் காரணம் இன்னொன்று: "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா ஊரு என்னையத்தானுங்க பேசும்."

என் கணக்கில், இந்த விஷயத்தை ஊன்றிப் பார்த்த யாரும் சொல்லக்கூடிய மிகத் துல்லியமான மருத்துவக் கருத்து அதுதான். குழாயைக் கட்டிய அன்றே ஆண் மலடாகிவிடுவதில்லை. கட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே கிளம்பிப் போன விந்தணுக்கள் இருக்கும். அவை தீர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும், அதன்பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியாக வேண்டும். அரிதாக, கட்டிய குழாய் தானே இணைந்துகொள்வதும் உண்டு. பெண்ணுக்குச் செய்த சிகிச்சை தவறிக் கருத்தரித்தால் 'ஆபரேஷன் ஃபெயிலியர்' என்று டாக்டரைத் திட்டுவார்கள். ஆணுக்குச் செய்தது தவறினால் அவளுடைய நடத்தையைச் சந்தேகிப்பார்கள். 2019-21 கணக்கெடுப்பில் கருத்தடை பெண்கள் விவகாரம், ஆண் கவலைப்படத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல். கருத்தடை முறைகளைப் பயன்படுத்தும் பெண் தறிகெட்டுப் போகலாம் என்றவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்தச் சந்தேகத்துக்கு நடுவே குடியிருப்பவள், தன் வயிற்றைக் காட்டிவிடுவதே பத்திரம் என்று கணக்குப் போடுகிறாள். கணக்கில் தப்பில்லை.

காலங்காலமாக இப்படித்தான் என்று நினைத்தால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் எர்ணாகுளத்தின் பழைய கதையைப் பார்க்க வேண்டும். 1971 ஜூலையில், கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய ஒரு மாத முகாமில் சுமார் 63 ஆயிரம் பேர் கருத்தடை செய்துகொண்டார்கள். அநேகமாக எல்லோரும் ஆண்கள். திருவிழா போல ஊர்வலமும் பாட்டுமாக நடந்தது. பணமும் பரிசுப் பொருளும் கொடுத்தார்கள். அதற்காகவே வந்த ஏழைகள் ஏராளம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் மலையாளி ஆண்களின் ஆண்மை அந்த மாதம் மட்டும் விடுமுறையில் போயிருந்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இந்தியாவெங்கும் கு.க. என்றால் பெரும்பாலும் ஆணுக்குத்தான். பிறகு வந்தது அவசரநிலை. 1976-77-ல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் வாசக்டமி, அதில் வலுக்கட்டாயமாக இழுத்துவரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். தேர்தலில் அரசு கவிழ்ந்தது. அதன்பின் ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை. திட்டம் அப்படியே பெண்கள் பக்கம் சாய்ந்தது. இன்றைக்கு 'இயற்கை' போலத் தெரிவதன் வயது ஏறக்குறைய ஐம்பது வருஷம்தான். பூடானில் 2010 வாக்கில், பெண் செய்துகொண்ட தம்பதிகளைவிட ஆண் செய்துகொண்டவர்களே அதிகம், அதுவும் நமக்கு இமயமலைப் பக்கத்து வீடுதான்.

சமூக விதிகளை ஆராய்ந்த தத்துவ அறிஞர் கிறிஸ்டினா பிக்கியேரி சொல்வது இங்கே உதவும். ஒரு விதி நிற்பது நம் சொந்த விருப்பத்தின் மேல் அல்ல. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நினைப்பதன் மேல். அந்த நினைப்பு தப்பாகவும் இருக்கலாம். சவூதி அரேபியாவில், மனைவி வேலைக்குப் போவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்ற இளம் கணவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் மற்ற ஆண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்களே நினைத்தார்கள். ஆய்வாளர்கள் உண்மை எண்ணிக்கையைக் காட்டியதும், மனைவியை வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். வாசக்டமி செய்துகொண்டவர் தன் அண்ணனிடம்கூட அதைச் சொல்வதில்லை. ஊரில் நாலு பேர் செய்திருந்தாலும் ஐந்தாவது ஆளுக்குத் தான்தான் முதல் ஆள்.

கருத்தடையைப் பெண் தலையிலேயே கட்டியதன் விலையைப் படுக்கையிலும் கொடுக்கிறோம். பாலியலை ஆராயும் அமெரிக்கக் கின்சி ஆய்வு நிலையத்தின் பான்கிராஃப்ட், யான்சன் இருவரும் வகுத்த கோட்பாட்டின்படி, பாலுணர்வு தூண்டுதலால் மட்டும் ஓடுவதில்லை, மூளை அதற்குத் தடையும் போடுகிறது. கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம் அந்தத் தடைகளில் ஒன்று. அந்தப் பயம் முழுக்க ஒருத்தியின் தலையில் இருக்கும் வீட்டில், 'அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை' என்று கணவன் குறைப்படுவான்.

அதனால் ஆண்களுக்கான இருவார வாசக்டமி முகாம் அறிவிப்பு வரும் நவம்பர் கடைசியில், ஊர்ச் சுகாதாரப் பணியைப் பார்க்கும் ஆஷா பணியாளர் முதலில் பேச வேண்டியது மாமியாரோடும் மருமகளோடும். குறிப்பாக அந்த மூன்று மாதக் கணக்கை. மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பல ஆண்கள் திரும்பி வருவதே இல்லை. அந்த லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆணுறையை நிறுத்தலாம். ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்துவைப்பது நல்லது.