விறகைத் தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள்

பாம்புக்கடியுடன் வருகிறவரிடம் எங்கே, எப்போது, உடலின் எந்தப் பகுதியில் கடித்தது என்று கேட்டறிவது மருத்துவரின் முதல் வேலைகளில் ஒன்று. காலில் கடி என்றால் பெரும்பாலும் வயல், வரப்பு, விளக்கில்லாத பாதை என்று பதில் வரும். கைவிரலில் கடிபட்டு வரும் பெண்கள் வைக்கோல் உருவும்போது, வறட்டி எடுக்கும்போது, விறகு எடுக்கும்போது என்கிறார்கள். கிராமங்கள் சூழ்ந்த ஓர் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் நான் இங்கே விறகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் கடிகளில் பலவற்றைச் சில கற்களும் சவுக்குக் கம்புகளும் ஒரு தகரமும் கொண்டு வீட்டிலேயே தடுத்துவிட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எரிவாயு உருளை வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விசேஷ நாள்களில் பெரிய பாத்திரம் ஏற்றவும் விறகடுப்பு தொடர்கிறது. அந்த விறகு வீட்டின் பின்சுவரை ஒட்டி, வெறும் தரையில், மாதக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. குவியலின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாகவும் இருட்டாகவும் இருப்பதால் கரையானும் பூச்சிகளும் சேர்கின்றன. அவற்றைத் தின்னத் தவளையும் பல்லியும், ஒதுங்கி வாழ எலியும் வருகின்றன. இவற்றைத் தேடிப் பாம்பு வருகிறது. சுருட்டை விரியன் அளவில் சிறியது என்பதால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சுருண்டிருந்தால் கண்ணில் படாது. கட்டுவிரியனின் ஆபத்து வேறு வகையானது. பகலில் குவியலுக்குள் பதுங்கியிருந்துவிட்டு இரவில் இரை தேடி வெளியே வரும் அந்தப் பாம்புக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் பாய் விரித்து உறங்குகிறவர் சில அடி தூரத்தில்தான் இருக்கிறார். அதன் கடி பல நேரங்களில் வலிப்பதில்லை; விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, பிறகு இமைகள் தானாக மூடத் தொடங்கும்போதுதான் வீட்டார் பதறுகிறார்கள்.

எனவே விறகு தரையையும் சுவரையும் தொடாமல் இருக்க வேண்டும். இடவசதி இருந்தால் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளியும், இல்லாவிட்டால் துடைப்பத்துடன் ஒருவர் நடந்து போகும்படி மூன்று அடியாவது விட்டும் பரணை அமைக்கலாம். மேடான இடமாகப் பார்த்து மண்ணைக் கெட்டியாக இடித்துச் சமப்படுத்துங்கள். ஜல்லி கொட்ட வேண்டாம். அதன் இடுக்குகளில் தேள் தங்கும். இதே காரணத்தால் குழியுள்ள ஹாலோ பிளாக் கற்களையும் தவிர்த்து, 16 அங்குல நீளமும் எட்டு அங்குல உயரமும் உள்ள சாலிட் பிளாக் கற்களை வாங்குங்கள். ஆறடி நீளப் பரணுக்கு இரு முனைகளிலும் நடுவிலும் இரண்டிரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சிமெண்டுக் கலவையால் பூசிவிட்டால், ஆறு கற்களில் ஏறக்குறைய 16 அங்குல உயரம் கிடைத்துவிடும். கீழே குனிந்து பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த உயரத்தைச் சொல்கிறேன். ஓரடிக்கும் குறைவாக வைத்தால், பாம்பு பதுங்கும் இடத்துக்கு நாமே கூரை போட்டதாகிவிடும்.

கற்களின் மேல் நான்கு அங்குலப் பருமனுள்ள இரண்டு சவுக்குக் கம்புகளை நீளவாக்கில் கிடத்தினால், ஒன்றரை அடி விறகை அவற்றின் குறுக்கே நேரடியாக அடுக்கலாம்; பலகை தேவையில்லை. மூன்றடி உயரத்துக்கு அடுக்கிய விறகின் எடை 300 முதல் 400 கிலோ வரை வரக்கூடும் என்பதால் மெல்லிய மூங்கிலையோ பழைய கட்டில் சட்டத்தையோ நம்ப வேண்டாம். கட்டைகள் உருண்டு விழாதபடி நான்கு மூலைகளிலும் கம்பம் நட்டு, கிடைக்கம்புகளோடு கட்டுக் கம்பியால் இறுக்கிவிடுங்கள். மண்ணுக்குள் போகும் இரண்டடிக்குத் தார் பூசினால் கரையான் அரிப்பது தள்ளிப்போகும்.

கூரைக்கு ஒரு தகரம் போதும். முன்கம்பத்தை விடப் பின்கம்பம் அரையடி குறைவாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் வடியும். நான்கு புறமும் அரையடி நீட்டி விடுங்கள். நம் மாநிலத்தின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு தட்டி கட்டலாம். தென்மேற்குப் பருவமழை பெறும் மலையடிவார ஊர்களில் அதற்கேற்பத் திசை மாறும். விறகு முழுவதையும் தார்ப்பாயால் மூடிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் உள்ளே காற்று போகாமல் ஈரம் தங்கிவிடுகிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அது காயாமல் அடுப்புக்குப் போனால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, தீ சரியாகப் பிடிக்காமல் புகை மிகுகிறது. புகைப்பழக்கமே இல்லாத பெண்கள் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் வருவதற்கு இந்த அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம். சீமைக் கருவேலங்கட்டையைப் பிளந்து, இடைவெளி விட்டு, வெயில் படும்படி அடுக்கினால் விரைவில் காயும்.

பரண் கட்டிவிட்டால் பாம்பு ஏறவே ஏறாது என்று நான் சொல்லவில்லை. கீழே சுத்தமாகவும் வெளிச்சமாகவும் இருந்தால் அது தங்குவதற்கான காரணங்கள் குறைகின்றன என்பதே உண்மை. ஆகவே பரணுக்கடியில் பழைய ஓடு, சாக்கு, கோழித்தீவனம் எதையும் வைக்காதீர்கள். மார்பு உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் கைவிட்டுத் துழாவுவதும் ஆபத்தே. மறுநாளுக்கு வேண்டிய விறகை மாலை வெளிச்சத்திலேயே எடுத்து வையுங்கள்; எடுக்கும் முன் நீளமான கோலால் தட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். நடுவிலிருந்து உருவக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்திருக்கிறது. எனவே சிகிச்சைக்கு வருவோரின் விவரத்தை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்த பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவருவதில் நேரம் போக்க வேண்டாம். நம் மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எனவே பாம்பைப் பார்க்காமலே, நோயாளியின் அறிகுறிகளையும், இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற எளிய சோதனையையும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம்.