12 வோல்ட் தானே என்று வயரை இழுக்காதீர்கள்

பின்னேரம் கந்தளாய்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு சன் வைசர் (முன்கண்ணாடிக்கு மேலே மடித்து இறக்குகிற வெயில் மறைப்பு) ஏன் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். வைசர் தொங்கிப்போனால் மாற்றத்தான் வேண்டும். லைற் வைத்த கண்ணாடியோடு வருவதையோ, சின்னத் திரை பதித்ததையோ வாங்கிப் பூட்ட ஆசைப்படுவதிலும் பிழையில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அதற்குக் கரண்ட் கொடுக்கிற விதத்தைப் பார்த்துத்தான்.

போன கிழமை ஒரு ஹயர் வான் வந்தது. ரூஃப் லைற் எரியவில்லை. "பியூஸை மட்டும் பாருங்கோ அண்ண, அவசரமாப் போகோணும்" என்றார் ட்ரைவர் தம்பி. பெட்டியைத் திறந்தால் சிவப்பு 10 அம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30 குத்தியிருந்தது. கேட்டேன். "வைசர் பூட்டின நாளிலயிருந்து அடிக்கடி போச்சுது, பெரிசாப் போட்ட பிறகு போகேல்ல" என்றார். வைசரைக் கழற்றினேன். அளவுக்கு மிஞ்சின நீள ஸ்க்ரூ ஒன்று வயரின் நடுவாலேயே ஏறி வண்டியின் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வயரின் தோல் உருகி, ரூஃப் துணிக்குப் பின்னால் இருந்த ஸ்பொஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கருகின கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான் அது.

"12 வோல்ட் தானே அண்ண, கை வைச்சாலும் அடிக்காதே." வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள். வயரிங் வேலை செய்கிற சிலரும் சொல்கிறார்கள். அடிக்காது, உண்மைதான். ஆனால் எரிக்கும். வீட்டுக் கரண்ட் ஆளை அடிப்பதை வைத்து வாகனக் கரண்டை அளக்காதீர்கள். வைசர் லைற்றுக்கு ஒரு அம்பியரும் தேவைப்படாது. அதே பற்றரிதான் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் கொடுக்கிறது. வயர் நசிந்து வண்டியின் தகரத்தில் பட்டால், இது சின்ன லைற் வயர் என்று பற்றரி பார்த்துக் குறைத்துக் கொடுக்காது. இருக்கிறதை எல்லாம் அந்த மெல்லிய வயருக்குள் தள்ளும். பற்றரியின் இரண்டு முனையிலும் ஸ்பானர் பட்டால் எப்படிப் பொறி பறக்கும் என்று கராஜில் நின்றவர்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே 12 வோல்ட்தான்.

இதைத் தடுக்கத்தான் பியூஸ். அது காப்பாற்றுவது வயரை. வயர் சூடாகித் தீப்பிடிக்க முன் தான் அறுந்துபோக வேண்டும், அதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி போகிற பியூஸ் எங்கோ வயர் நசிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயைப் பொத்திவிட்டு 30ஐப் போட்டால், பிறகு அறுந்துபோவதற்கு மிஞ்சியிருப்பது வயர் மட்டும்தான். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பூட்டுகிற வேலைக்கு வருவோம். பழைய ஸ்க்ரூ, பழைய ஓட்டை. புது ஓட்டை போடாதீர்கள், நீள ஸ்க்ரூ தேடாதீர்கள். வைசர் கீழேயும் வரும், பக்கக் கண்ணாடிக்கும் திரும்பும். அதனால் வயர் அதன் தண்டுக்குள்ளால்தான் போக வேண்டும், கொஞ்சம் தளர்வும் விட வேண்டும். வெளியால் இறுக்கி இழுத்தால் திருப்பத் திருப்ப உள்ளே செம்பு இழை இழையாக முறியும். தோலைச் சீவி, முறுக்கி, டேப் ஒட்டுவதும் நம்மூர் வெயிலுக்குச் சரிவராது. ரூஃபுக்குக் கீழே அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழுகிப்போகும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோடு நிற்கிற வண்டிகளில் திறந்த செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. சோல்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ரியூப் போட்டு மூடுங்கள். ஏர்த்தையும் (கரண்ட் பற்றரிக்குத் திரும்புகிற வயர்) பெயின்ற் மேல் ஸ்க்ரூ முறுக்கி எடுக்காமல் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ஏர்த் இடத்தில் கொடுங்கள்.

இனி எனக்கு மிகவும் பயமான விஷயம். டொல்பின் என்கிற பழைய டொயோட்டா ஹயஸ் வானில் வேலை பழகின கை, வயரை முன்கண்ணாடித் தூணின் பிளாஸ்ரிக் கவருக்குள் கண்ணை மூடிக்கொண்டு திணிக்கும். அந்த வானில் அங்கே ஒன்றும் இல்லை. இப்போது ஓடுகிற பல ஜப்பான் கார்களில் அந்தத் தூணிலிருந்து ரூஃப் ஓரம் முழுக்கப் பக்க எயார் பேக் மடித்து வைத்திருக்கிறது. கவரில் எயார் பேக்கின் அடையாளமான எஸ்ஆர்எஸ் (SRS) என்று பொறித்திருந்தால் கையை எடுங்கள். எயார் பேக்குக்குக் குறுக்கே, அதன் மேலால் வயர் போனால், விபத்து நேரம் அது ஒழுங்காக விரியாமல் போகலாம். வயரும் கவரும் பறந்து முகத்தில் அடிக்கலாம். வயர் எயார் பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். அந்தக் கவரைக் கழற்றத் தெரியாதவர் தொடக் கூடாது. எயார் பேக்கின் மஞ்சள் நிறக் கனெக்ரரில் டெஸ்டர் பல்பைக் குத்திப் பார்க்கவே வேண்டாம், பேக் கையிலேயே வெடிக்கலாம். பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, டொயோட்டா சொல்வது போல 90 விநாடியாவது பொறுத்துத்தான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். வைசரில் இருக்கிற எயார் பேக் எச்சரிக்கைப் படத்தையும் உரிக்காதீர்கள். முன்சீற்றில் பின்பக்கம் பார்த்த குழந்தை சீற் வைக்கக் கூடாது என்று அதில்தான் இருக்கிறது.

கரண்டை எங்கிருந்து எடுப்பது? ரூஃப் லைற் வயரில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். 10 வோட்ஸ் வைசர் லைற் ஒன்று மறந்து எரிந்தால், சின்னக் காரின் பற்றரி ஒன்றரை நாளில் படுத்துவிடும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பெரிய பற்றரி இருக்கிறதுதானே என்று நினைக்க வேண்டாம். சின்ன 12 வோல்ட் பற்றரி செத்தால் மீற்றரில் 'ரெடி' என்று வராது, வண்டி ஓடாது. சாவியை எடுத்ததும் கரண்ட் அறுகிற லைனில் எடுத்து, எடுக்கிற இடத்திலேயே தனிப் பியூஸ் போடச் சொல்லுங்கள். திரை வைத்த வைசருக்கு 3 அம்பியர் தாராளம்.

ஏற்கெனவே பூட்டியிருந்தால் இன்றைக்கே பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கிற எண்ணையும் குத்தியிருக்கிற எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லைற்றை அரை மணித்தியாலம் எரியவிட்டு வைசர் தண்டடியில் கை வைத்துப் பாருங்கள். சூடோ மணமோ இருந்தால் வைசருக்குக் கரண்ட் போகிற பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கராஜுக்கு வர வேண்டும். புதிதாகப் பூட்டக் கொடுத்தால், கவரை மூட முன் வயர் போகிற வழியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் கோபிக்க மாட்டார், டோர்ச் பிடித்துக் காட்டுவார்.