ஹுர்டிக்ரூட்டன்: சொல் விளக்கம்

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கப்பல் போக்குவரத்துக்கு ஹுர்டிக்ரூட்டன் என்று பெயர். கேட்டவுடன் ஏதோ ஒரு கப்பலின் பெயர் போலத் தோன்றும். உண்மையில் அது கப்பல்கள் ஓடும் தடத்தின் பெயர்.

நார்வேஜிய மொழியில் 'ஹுர்டிக்' என்றால் விரைவான. 'ரூட்டெ' நாம் பஸ்ஸுக்குச் சொல்லும் அதே 'ரூட்'தான், பிரெஞ்சிலிருந்து வந்தது. ஹுர்டிக்கும் இரவல் சொல்லே, வட ஜெர்மனியில் பேசப்பட்ட தாழ் ஜெர்மன் கொடுத்தது. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ன்' ஆங்கிலத்தின் 'தி' செய்யும் வேலையைச் செய்கிறது. தமிழுக்கு அது தேவையில்லை.

விரைவு என்றவுடன் பாய்ந்தோடும் கப்பலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்தத் தடம் தொடங்குவதற்கு முன் வடகரையோரம் சென்ற கப்பல்கள் இருட்டினால் நங்கூரமிட்டுவிடும். கரை நெடுகிலும் தீவுகளும் பாறைகளும். நடு நார்வேயிலுள்ள டிரான்ட்ஹெய்ம் நகருக்கு வடக்கே 28 கலங்கரை விளக்கங்கள் மட்டுமே. குளிர்காலத்திலோ வடகோடியில் சூரியனே எழாது. டிரான்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடகோடி நகரமான ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகுமாம். ஆண்டு முழுவதும் ஓடும் கடற்போக்குவரத்தை அரசு விரும்பியபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் இருட்டில் ஓட்ட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டன. ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்திவந்த கப்பல் தலைவர் ரிக்கார்ட் வித் முன்வந்தார். அவரும் வழிகாட்டி ஆண்டர்ஸ் ஹோல்தேயும் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால் கண் தெரியாத இரவிலும் ஓட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. 1893 ஜூலை 2 அன்று 'வெஸ்தரோலன்' என்ற நீராவிக் கப்பல் டிரான்ட்ஹெய்மிலிருந்து புறப்பட்டு, 67 மணி நேரத்தில் ஹம்மர்ஃபெஸ்டை அடைந்தது. ஆக, பெயரிலுள்ள 'விரைவு' எந்திரத்தைவிட, இரவிலும் நிற்காமல் ஓடியதற்கே அதிகம் பொருந்துகிறது.

பிறகு தடம் நீண்டது: 1898இல் பெர்கன், 1914இல் கிர்கெனெஸ். அஞ்சலும் சரக்கும் ஆட்களும் ஒரே கப்பலில் போனார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'விரைவுக் கப்பல்' என்றால் தடம் என்ற கருத்தே போய்விடுகிறது. 'நீராவிக் கப்பல் சேவை' அன்றைக்குச் சரி. நீராவிக் கப்பலுக்கு நம்மிடம் அழகான முன்மாதிரியும் உண்டு: வ.உ.சி. 1906இல் தொடங்கிய ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைச் சுதேசி நாவாய்ச் சங்கம் என்கிறோம். ஆனால் இன்றைய ஹுர்டிக்ரூட்டனில் நீராவி இல்லை. சில கப்பல்கள் இயற்கை எரிவாயுவிலும் மின்கலத்திலும் ஓடுகின்றன. என் தேர்வு 'விரைதடம்'. பேருந்தில் 'தடம் எண்' பார்த்துப் பழகியவர்களுக்கு அது உறுத்தாது. முதன்முறை எழுதும்போது 'கரையோர விரைதடம்' என்று விரித்துவிடலாம்.

ஒரு சிக்கல்: ஹுர்டிக்ரூட்டன் இப்போது ஒரு நிறுவனத்தின் பெயரும்கூட. 2021 முதல் ஹவிலா என்ற இன்னொரு நிறுவனமும் அதே தடத்தில் கப்பல் விடுகிறது. அரசு ஒப்பந்தத்தில் இந்தப் போக்குவரத்துக்குப் பெயர் 'கிஸ்ட்ரூட்டன்'. 'கிஸ்ட்' என்றால் கரை. இதற்குக் 'கரைத்தடம்' போதும். நிறுவனத்தைச் சொல்லும்போது மட்டும் ஹுர்டிக்ரூட்டன் என்றே எழுத வேண்டும்.