பெய்லின், பாலைன், பெர்லின்: மூவரும் ஒருவரா?

"கப்பலேறிப் போனவரின் பயணப் பதிவு ஒரு நாட்டு அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. அவர் எழுதியது இன்னொரு நாட்டு நூலகத்தில் கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கணினிக்கு எப்படித் தெரியும்?" ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், நூலகங்களின் சேகரிப்புகளை ஒரே இடத்தில் தேடவைக்கும் யூரோப்பியானா இணையதளத்தின் புலம்பெயர்வுத் தொகுப்பைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டது இது. தானாகத் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். தெரியவைப்பதற்குத்தான் முக்கால்வாசி உழைப்பும் போகிறது. ஸ்கேன் எடுப்பது மிச்சக் கால்வாசி.

பின்னணி இரண்டே வரி. யூரோப்பியானா 2008 நவம்பரில் தொடங்கியது; அலுவலகம் நெதர்லாந்தின் ஹேக் நகரில், அந்நாட்டுத் தேசிய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய பண்பாட்டு மரபு ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2018இல் புலம்பெயர்வைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டு, சாதாரண மக்களே தங்கள் பெட்டி, கடிதம், புகைப்படங்களைக் கொண்டுவரும் சேகரிப்பு நாள்களைப் பல நகரங்களில் நடத்தினார்கள். பொருளைப் படமெடுத்து, கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பொருளைக் கையோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

நிறுவனங்கள் தரும் பதிவுகளில் பொருள் மட்டுமல்ல, அதன் முழுப் படமும்கூட யூரோப்பியானாவுக்குப் போவதில்லை. போவது படத்தைப் பற்றிய குறிப்பு, அதாவது மீத்தரவு. நூலகங்கள் மார்க் என்ற அமைப்பிலும், அருங்காட்சியகங்கள் லீடோ என்ற அமைப்பிலும், ஆவணக்காப்பகங்கள் ஈஏடி என்ற அமைப்பிலும் குறிப்பு எழுதுகின்றன. நாட்டுக்கு ஒன்றோ துறைக்கு ஒன்றோ இருக்கும் திரட்டி நிறுவனம் இவற்றை வாங்கி ஒரே வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். அந்தப் பொது வடிவம் 'உண்மையான பெட்டி' ஒன்று, 'பெட்டியின் படம்' வேறொன்று என்று பிரித்து வைக்கும். இதைப் பிரிக்காவிட்டால் 1905இல் செய்த பெட்டிக்கு 2018 என்று தேதி விழும். ஸ்கேன் செய்தவர் பெட்டியைச் செய்தவராகிவிடுவார். படம் அந்தந்த அருங்காட்சியகத்தின் சர்வரிலேயே இருப்பதால், அவர்கள் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது சுட்டி அறுந்து இங்கே வெற்றுக் கட்டம் தெரியும். பிரான்ஸ் தேசிய நூலகம்போல ஆர்க் என்ற நிலையான முகவரி முறையைக் கையாள்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இனிப் பெயருக்கு வருவோம். சுவையான பகுதி இதுதான்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ரெட் ஸ்டார் லைன் கப்பல்கள் 1873 முதல் 1934 வரை ஏறக்குறைய 20 லட்சம் பேரை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோயின. மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் குளிக்கவைத்து, மூட்டையை நீராவியில் கிருமிநீக்கம் செய்து, மருத்துவர் பார்த்து அனுப்பிய கட்டடங்கள்தாம் 2013 முதல் அருங்காட்சியகமாக இருக்கின்றன. 1893இல் அந்தக் கம்பெனியின் ரைன்லாந்து கப்பலில் போன ஒரு யூதக் குடும்பத்தில் இஸ்ரேல் பெய்லின் என்ற ஐந்து வயதுப் பையன் இருந்தான். அமெரிக்காவில் குடும்பப் பெயர் பாலைன் என்றானது. 1907இல் அச்சான ஒரு பாடல்தாளில் பையனின் பெயர் ஐ. பெர்லின். பின்னாளில் உலகமே அறிந்த பாடலாசிரியர் இர்விங் பெர்லின் இவர்தான். கப்பல் கதை அருங்காட்சியகத்தில் பெய்லின் பெயரில், பாடல்தாள் நூலகத்தில் பெர்லின் பெயரில். யாராவது முடிச்சுப் போட்டால்தான் இரண்டும் ஒரே திரைக்கு வரும்.

நடுவில் ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிட வேண்டும். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயர் புரியாமல் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்புகின்றன. அங்கே யாரும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் கம்பெனி கொண்டுவந்த பயணிகள் பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் தயாரானது ஆண்ட்வெர்ப், ஹாம்பர்க், பிரேமன் போன்ற ஐரோப்பியத் துறைமுகங்களில். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசுபவர் சொன்ன பெயரை டச்சுக் காது கேட்டு எழுதினால் எழுத்து எப்படியிருக்கும்? குழப்பம் கப்பல் கிளம்பும் முன்பே தொடங்கிவிட்டது. பெரும்பாலான பெயர் மாற்றங்களோ குடியேறியவர்களே பின்னாளில் விரும்பிச் செய்துகொண்டவை.

எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருக்குமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் சவுண்டெக்ஸ். ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த வடிவம் இது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகளைத் தள்ளிவிடுங்கள். பி, எஃப், வி வகைக்கு 1, கே, ஜி, எஸ் வகைக்கு 2, டி வகைக்கு 3, எல் 4, எம், என் 5, ஆர் 6. ஹெச்சும் டபிள்யூவும் கணக்கில் வராது. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் (முதல் எழுத்தின் எண்ணையும் சேர்த்து) ஒருமுறை போதும். மூன்று இலக்கத்தோடு நிறுத்துங்கள்; குறைந்தால் சுழியம் போட்டு நிரப்புங்கள். (க என்ற ஒற்றை எழுத்தை மூன்று நான்கு ஒலிகளுக்கு வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த யோசனை புதிதல்ல!)

போட்டுப் பார்ப்போம். பெய்லின்: பி, எல், என். குறியீடு பி450. பாலைன்: அதே பி450. பிரமாதம்! பெர்லின்: நடுவில் ஆர் நுழைவதால் பி645. கை நழுவிப்போயிற்று. முதல்பெயர் இஸ்ரேல் இர்விங்காக மாறியதற்கோ எந்தச் சூத்திரமும் கிடையாது.

இன்னொரு ஆள், நமக்கு நன்கு தெரிந்தவர். வார்சாவில் பிறந்து 1891இல் பாரிசுக்குப் படிக்கப்போன மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா, அதாவது மேரி கியூரி. போலந்துக்காரர் வாயில் அந்தக் குடும்பப் பெயர் ஏறக்குறைய 'ஸ்க்வொடோஃப்ஸ்கா' என்று ஒலிக்கும். அதில் உள்ள எல் சாதாரண எல் அல்ல, குறுக்குக்கோடு போட்ட போலிஷ் எல். டபிள்யூ என்று எழுதினாலும் அங்கே அது வி இனத்து ஒலி. ஆங்கிலத்துக்கென்று செய்த சவுண்டெக்ஸ் இங்கே மூக்குடைபடுகிறது: டபிள்யூ போட்டு எழுதினால் எஸ்432, ஒலிப்படி வி போட்டு எழுதினால் எஸ்431. ஒரே பெண், இரண்டு எண். இதற்காகவே 1985இல் டேய்ச், மொக்கொடோஃப் என்ற இருவர் ஸ்லாவிய, யூதப் பெயர்களுக்கு ஏற்ற ஆறிலக்க முறை ஒன்றைச் செய்தார்கள். அதில் வி, டபிள்யூ இரண்டுக்கும் 7. எப்படி எழுதினாலும் 458374 வரும்.

கணினியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தேடலுக்கு வசதியாக எழுத்தின் மேலுள்ள குறிகளை உரித்தெடுப்பது வழக்கம். ஓ மேல் சாய்கோடு இருந்தால் யூனிகோடு அதை 'ஓ, தனியாக ஒரு கோடு' என்று பிரித்துத் தரும், கோட்டைத் தள்ளிவிடலாம். போலிஷ் எல்லின் குறுக்குக்கோடு அப்படிப் பிரியாது, முழு எழுத்தாகவே நிற்கும். ஆங்கில எழுத்தல்லாததை எல்லாம் தூக்கிவீசும் அவசர நிரல் அந்த 'எல்' எழுத்தையே விழுங்கிவிட, 'ஸ்கொடோவ்ஸ்கா' என்று ஒரு புதுப் பெண் பிறப்பார். அவருடைய குறியீடு எஸ்320. இப்படி இல்லாத ஆள்களைத் தேடித் தேடிக் களையெடுப்பது தரவுச் சுத்தம் செய்பவர்களின் அன்றாட வேலை.

ஆகவே ஒலிக்குறியீடு 'இவராக இருக்கலாம்' என்று சிலரை வரிசையில் நிறுத்தும், அவ்வளவே. தீர்ப்புச் சொல்ல வேறு சான்று வேண்டும். நூலகங்கள் நெடுங்காலமாக ஆதாரக் கோப்பு என்று ஒன்றைப் பேணுகின்றன: ஓர் ஆளுக்கு ஓர் எண், அதன்கீழ் அவருடைய எல்லாப் பெயர் வடிவங்களும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும், நூலகப் பட்டியல்களை இணைக்கும் ஓசிஎல்சி நிறுவனமும் 2003இல் தங்கள் கோப்புகளை ஒப்பிடத் தொடங்கின. பிறகு பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து அது வியாஃப் என்ற பொதுக்கோப்பானது. பெயரோடு பிறந்த, இறந்த ஆண்டும் எழுதிய நூல்களின் தலைப்பும் பொருந்தினால்தான் இரண்டு பதிவுகளும் ஒரே கொத்தில் சேரும். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் மேரி கியூரியின் எண் க்யூ7186. வார்சா அருங்காட்சியகம் எந்த எழுத்தில் எழுதினாலும், பாரிஸ் நூலகம் எப்படி எழுதினாலும், பதிவில் இந்த எண் இருந்தால் போதும்.

ஊருக்கும் எண் வேண்டும். லெம்பெர்க், லுவூஃப், லுவோவ், லிவீவ் நான்கும் இன்றைய உக்ரைனில் உள்ள ஒரே நகரம்: க்யூ36036. அங்கே 1910இல் பிறந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலே ஆஸ்திரியா-ஹங்கேரி, போலந்து, சோவியத், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, மறுபடி சோவியத் என்று வாழ்ந்திருக்க முடியும். 1991ஐ எட்டியிருந்தால் உக்ரைனும் உண்டு. இங்கே புலம்பெயர்ந்தது எல்லைக்கோடுதான். பழைய கப்பல் பட்டியலில் 'ஆஸ்திரியா' என்றிருப்பதை இன்றைய ஆஸ்திரியாவோடு கோத்தால் கண்காட்சி வரைபடத்தில் ஆயிரக்கணக்கானோர் தவறான நாட்டிலிருந்து கிளம்பிப் போவார்கள்.

தேதியாவது சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. கடிதத்தின் தலையில் 'லிஸ்டொபாட் 5' என்றிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு 'இலையுதிர்வு' என்று பொருள். போலிஷிலும் செக்கிலும் அது நவம்பர், குரோவேஷிய மொழியில் அக்டோபர். தெற்கே இருக்கும் குரோவேஷியாவில் இலை பிந்தித்தானே உதிர வேண்டும் என்று கேட்காதீர்கள். நம் சித்திரையும் தெலுங்குச் சைத்திரமும் ஒரே நாளில் தொடங்குகின்றனவா என்ன? பதிவில் மொழி குறிக்கப்படவில்லையென்றால் கடிதம் ஒரு மாதம் தள்ளிப்போகும், பதில் கடிதம் கேள்விக்கு முன்பே வந்துசேரும். மொழி அடையாளம் இட்ட குறிப்புகளின் விகிதத்தை வைத்து யூரோப்பியானா பதிவுகளுக்குத் தரம் போடுவதற்கு இதுவும் காரணம்: கால்வாசிக்கு இட்டிருந்தால் ஏ, பாதிக்கு பி, முக்காலுக்கு சி. பழைய ரஷ்யப் பேரரசின் ஆவணம் என்றால் ஜூலியன் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். மேரி கியூரி பிறந்த 1867 நவம்பர் 7, அந்தக் கணக்கில் அக்டோபர் 26. 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 20இல் 13.

இத்தனை எண்களும் யாருக்கு? நூல் எழுதியவருக்கு, நோபல் வாங்கியவருக்கு. சேகரிப்பு நாளில் பாட்டியின் தலைத்துணியைக் கொண்டுவருபவருக்கும் எண் கிடையாது, அந்தப் பாட்டிக்கும் கிடையாது. சுவிட்சர்லாந்திலோ ஜெர்மனியிலோ குடியேறிய ஈழத் தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் போகிறது. அவர் பிள்ளைக்கு அவருடைய பெயர் போகலாம். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப்பெயர். ழகரம் ஒரு தாளில் இசட்-ஹெச், இன்னொன்றில் வெறும் எல். எந்த ஒலிக்குறியீடும் இவர்களை ஒரு குடும்பமாகக் காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதும் ஆள்தான் காட்ட முடியும். நிதி ஒதுக்குபவர்களுக்கு இது புரிவதில்லை என்பது என் மனத்தாங்கல். ஸ்கேனருக்கும் திறப்பு விழாவுக்கும் பணம் கிடைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் பட்டியல் போடும் ஆளின் ஒப்பந்தமும் முடிகிறது. பிறகு எண்களைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

திருத்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது. 'இவரும் அவரும் ஒருவரே' என்பது சமன்குறி. அ = ஆ, ஆ = இ என்றால் அ = இ. ஒரே ஊரில் தாத்தாவின் பெயரே வைக்கப்பட்ட இரண்டு பெரியப்பா-சித்தப்பா பிள்ளைகள் இருந்தார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஹாம்பர்க் வழியாகப் போனார், மற்றவர் ஊரிலேயே இறந்தார். ஒரு நூலகம் தவறிப்போய் இருவருக்கும் நடுவில் சமன்குறி போட்டால், அதை நம்பிக் கோத்த எல்லா நிறுவனங்களிலும் இறந்தவர் கப்பலேறிவிடுவார். பிரிக்கலாம் என்று போனால், ஒட்டிய பிறகு சேர்ந்த தகவல்களில் எது யாருடையது என்று தெரியாது. அதனால்தான் கவனமான நிறுவனங்கள் 'அதே ஆள்' என்பதற்கும் 'அநேகமாக அதே ஆள்' என்பதற்கும் வெவ்வேறு இணைப்புகள் வைத்திருக்கின்றன. பின்னதில் சங்கிலித் தாவல் அனுமதி இல்லை. ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும் யார் போட்டது, எந்த நாளில், எந்தச் சான்றைப் பார்த்து என்று மூன்று கட்டங்களையும் நிரப்பி வைக்கிறார்கள். என்றாவது ஒரு பேத்தி வந்து "இவர் என் தாத்தா இல்லை" என்று சொன்னால், எந்த இடத்தில் கத்தரிப்பது என்று தெரிய வேண்டுமே.