புது சர்வர் வந்ததும் பழைய கம்ப்யூட்டரில் இசட் டிரைவ் ஏன் காணாமல் போகிறது?

திருப்பூர் எம்பிராய்டரி யூனிட்களிலும், கோவை கணபதி பக்கத்து லேத் பட்டறைகளிலும், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2001இல் வந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் இவற்றை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டிசைன் சாஃப்ட்வேரின் உரிமம் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் துளையில்) செருகிய டாங்கிள் என்ற சின்னச் சாவிக்குள் இருக்கும்; புதுக் கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. லேத்துக்கு புரோகிராம் அனுப்பும் கார்டுக்கு எக்ஸ்பிக்குப் பிறகு டிரைவரே வந்திருக்காது. பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டே போயிருப்பார். லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய மிஷின் நன்றாக ஓடும்போது, பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மிஷினையே கழித்துக்கட்டச் சொல்வது நியாயமில்லை.

சிக்கல் ஆரம்பிப்பது ஆபீஸ் பக்கத்தில். கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் கோப்பு வைத்து எடுக்கும் நாஸ் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்குகிறார்கள், அல்லது பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். மறுநாள் மிஷின் பக்கத்திலிருந்து குரல் வரும்: "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு, இப்ப இசட் டிரைவ் மேல செவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்குதுங்க." கேபிளை மாற்றுகிறார்கள். ஸ்விட்சில் வேறு துளையில் செருகிப் பார்க்கிறார்கள். 'இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் கேட்கும் பிங் அடித்தால் பதில் வருகிறது. டிரைவ் மட்டும் திறப்பதில்லை. சரி, பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன நடக்கிறது என்று புரிய, இசட் டிரைவ் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் இசட் என்று ஒரு டிஸ்க் கிடையாது. சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு நாம் வைத்த எழுத்து அது. ஒரு புரோகிராம் 'இசட் டிரைவில் உள்ள இந்தக் கோப்பைத் திற' என்று கேட்கும்போது, விண்டோஸுக்குள் இருக்கும் ரீடைரக்டர் என்ற பகுதி அந்தக் கோரிக்கையை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. அதை நெட்வொர்க் செய்தியாக மடித்து சர்வருக்கு அனுப்பி, வந்த பதிலைப் பிரித்துப் புரோகிராமிடம் கொடுக்கிறது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய புரோகிராம்கூட சர்வரில் உள்ள கணக்கைத் திறந்து எழுத முடிவது இதனால்தான். தன் பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கோடு பேசுவதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 32 பிட் எக்ஸ்பியில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை நேரடியாக மாட்டினால் அதை முழுதாகப் பயன்படுத்த முடியாது. அதே டிஸ்க் சர்வருக்குள் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் எந்த முறையில் வகுக்கப்பட்டிருக்கிறது, சர்வர் லினக்ஸா விண்டோஸா என்பதெல்லாம் சர்வரின் பாடு. எக்ஸ்பி கேட்பது கோப்புகளை மட்டுமே. பழைய கம்ப்யூட்டரையும் புது சர்வரையும் இணைக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளமே இந்தப் பிரிவினைதான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேச்சுமுறை இருந்தால் போதும்.

அந்தப் பேச்சுமுறைக்குப் பெயர் எஸ்எம்பி. 1983இல் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. எக்ஸ்பி வரைக்கும் ஓடியது முதல் தலைமுறை, அதாவது எஸ்எம்பி1. விஸ்டாவோடு இரண்டாம் தலைமுறை வந்தது; நூற்றுக்கு மேல் இருந்த கட்டளைகள் 19 ஆகக் குறைந்தன. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த மூன்றாம் தலைமுறையில் செய்திகளை மறையாக்கம் செய்யும் வசதி சேர்ந்தது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான். அதற்கு மேல் கற்றுக்கொடுக்க மைக்ரோசாஃப்ட் எந்த அப்டேட்டும் தரவில்லை.

இசட் டிரைவைச் சொடுக்கியதும் எக்ஸ்பி சர்வரின் 445ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. இங்கே போர்ட் என்பது செருகும் துளை இல்லை, நெட்வொர்க்கில் எண் போட்ட ஒரு கதவு. பழைய 139ஐயும் கூடவே தட்டும். கதவு திறந்தால் முதலில் போவது ஒரு பட்டியல், 'எனக்கு இத்தனை விதமாகப் பேசத் தெரியும்' என்று. எக்ஸ்பியின் பட்டியலில் ஆறு பெயர்கள் இருக்கும். 'பிசி நெட்வொர்க் புரோகிராம் 1.0' என்ற எண்பதுகளின் பேச்சில் தொடங்கி, 'என்டி எல்எம் 0.12' என்பதில் முடியும். பழைய சர்வர் பட்டியலைப் பார்த்து 5 என்று ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது ஆறாவது பெயர், அதாவது கடைசிப் பெயர். அத்துடன் பேச்சு ஆரம்பமாகிவிடும். விண்டோஸ் 7 இதே பட்டியலின் கடைசியில் 'எஸ்எம்பி 2' என்று தொடங்கும் இரண்டு பெயர்களைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்புகிறது. புது சர்வர் தேடுவது அந்தப் பெயர்களைத்தான். எக்ஸ்பியின் ஆறில் அவை இல்லை.

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. எந்த விரலுக்கு என்ன மதிப்பு என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தால்தான் பேச்சு நடக்கும். இல்லாவிட்டால் கையை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். புது சர்வர் செய்வதும் அதைத்தான். காரணம் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பாவம், எக்ஸ்பிக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. 'குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் காட்டி நிற்கும். அதை நம்பித்தான் கேபிளை மாற்றுகிறோம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே தகராறு வரும். எக்ஸ்பியில் உள்ள ஃபோல்டரை விண்டோஸ் 10 கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கப் பார்த்தால், அது காரணத்தைத் தெளிவாகவே சொல்லிவிடும்: இந்த ஃபோல்டர் காலாவதியான எஸ்எம்பி1ஐக் கேட்கிறது, அது பாதுகாப்பானதில்லை. 'நேத்து வரைக்கும் வந்துச்சு' என்ற புகாருக்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி1 கிளையன்ட் (கோப்பைக் கேட்டு வாங்கும் பகுதி) 15 நாட்கள் பயன்படாமல் இருந்தால் விண்டோஸ் தானாகவே அதை அகற்றிவிடும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நாட்கள் கணக்கில் வராது. ஆர்டர் இல்லாமல் மிஷின் கொஞ்ச நாள் சும்மா நின்ற பிறகு, யாரும் எதையும் தொடாமலே இணைப்பு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால், 2017 மே 12ஆம் தேதியைச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாக. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. 445ஆம் போர்ட் திறந்திருந்து, ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தால் போதும். ஓட்டையை அடைக்கும் பேட்சை மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தும் பலர் போடவில்லை. ஆதரவு முடிந்து மூன்று வருடமாகியிருந்த எக்ஸ்பிக்கே அந்த வார இறுதியில் அவசரமாக ஒரு பேட்ச் வந்தது. உங்கள் எக்ஸ்பியில் அது போடப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். லினக்ஸ் உலகில் இதே எஸ்எம்பியைப் பேசும் சாம்பா மென்பொருளும், 2019இல் வந்த 4.11 பதிப்பில், முதல் தலைமுறையைத் தானாக ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பல நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது சாம்பாதான்.

பேச்சுமுறை ஒத்துப்போனாலும் அடுத்து பாஸ்வேர்ட் தகராறு இருக்கிறது. எக்ஸ்பி, எதையும் மாற்றாமல் விட்டால், எல்எம் என்ற மிகப் பழைய முறையிலும் பாஸ்வேர்டை நிரூபிக்கப் பார்க்கும். அந்த முறை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தாக மாற்றி, 14 எழுத்தோடு நிறுத்தி, ஏழு ஏழாக இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கையாள்கிறது. 14 எழுத்துப் பாஸ்வேர்டை உடைக்கும் வேலை இரண்டு ஏழெழுத்துப் பாஸ்வேர்டுகளை உடைக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. இன்றைய சர்வர்கள் இதை ஏற்காமல் இருப்பது ரொம்பச் சரி. நல்ல செய்தி என்னவென்றால், என்டிஎல்எம் 2 என்ற வலுவான முறையும் எக்ஸ்பிக்குத் தெரியும், கேட்டால்தான் பயன்படுத்தும். கன்ட்ரோல் பேனலில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசிக்குள் போய், லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல் என்பதில் அந்த முறையை மட்டும் அனுப்பும்படி மாற்ற வேண்டும். கூடவே கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பல வருடம் பின்னால் ஓடினால், சரியான பாஸ்வேர்டும் தோற்கலாம், ஏனென்றால் இந்த முறையில் நேரமும் கணக்கில் சேர்கிறது.

சர்வரின் பெயரும் படுத்தும். பெயரை வைத்துக் கம்ப்யூட்டரைத் தேடும் பழைய நெட்பயாஸ் முறையில் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் ஐபி எண்ணைக் கொடுத்து இணைத்துப் பாருங்கள். வந்துவிட்டால் தகராறு பெயரில்தான்.

இனி என்ன செய்வது? பெரும்பாலும் நடப்பது, புது சர்வரில் எஸ்எம்பி1ஐ ஆன் செய்துவிடுவது. இசட் டிரைவ் உடனே வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு மிஷினுக்காக ஆபீஸின் மொத்தக் கணக்கும், பையர் ஆர்டர்களும், சம்பளப் பட்டியலும் இருக்கும் பெட்டியில் பழைய கதவைத் திறந்துவைப்பது பெரிய விலை. அதைவிட நல்ல வழி, நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை வைப்பது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பே போதும், கூடுதலாக ஒரு லேன் கார்டு வேண்டும். ஒரு கார்டு ஆபீஸ் பக்கம். அந்த வழியாக இது சர்வரோடு மூன்றாம் தலைமுறையில் பேசி, மிஷினுக்கு வேண்டிய ஒரே ஒரு ஃபோல்டரை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு கார்டிலிருந்து தனி ஸ்விட்ச், அதில் எக்ஸ்பி மட்டும். அந்தப் பக்கம் சாம்பா முதல் தலைமுறையில் பதில் சொல்கிறது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் குறைந்தபட்சப் பேச்சுமுறையை என்டி1 (முதல் தலைமுறைக்கு சாம்பா வைத்த பெயர்) என்று வைத்து, மிஷின் பக்கத்து கார்டில் மட்டும் காது கொடுக்கும்படி கட்டிவிட வேண்டும். இரண்டு கார்டுக்கும் இடையே வேறு போக்குவரத்து எதையும் கடத்தக் கூடாது. அப்போது எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம்.

எம்பிராய்டரி டிசைன் கோப்புகள், லேத் புரோகிராம்கள் போன்றவற்றுக்கு இந்த ஏற்பாடு அருமையாகப் பொருந்தும். அவை சின்னக் கோப்புகள். ஆபீஸில் ஒருவர் வைக்கிறார், மிஷின் பக்கம் ஒருவர் எடுக்கிறார். திருப்பி எழுத வேண்டியதில்லை என்றால் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். அந்தப் பக்கம் வைரஸ் வந்தாலும் ஆபீஸ் கோப்பைக் கெடுக்க முடியாது. எக்ஸ்பி தன் ஃபோல்டர்களை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றால், அதன் நெட்வொர்க் அமைப்பில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். வான்னாக்ரை புகுந்த ஓட்டை, கோப்பைக் கொடுக்கும் பகுதியில் இருந்தது. கோப்பை வாங்கிக்கொள்ள அந்தப் பகுதி தேவையே இல்லை.

மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதும் ஃபாக்ஸ்புரோ கணக்குக்கு மட்டும் இந்த நடுப்பெட்டியை நான் சொல்ல மாட்டேன். எஸ்எம்பியில் கோப்பின் ஒரு பிரதியைக் கம்ப்யூட்டர் தன்னிடமே வைத்துக்கொண்டு வேகமாக வேலை செய்ய சர்வர் அனுமதி கொடுக்கும் வழக்கம் உண்டு. இன்னொருவர் அதே கோப்பைக் கேட்டால் அந்த அனுமதியை சர்வர் திரும்ப வாங்கும். நடுவில் ஒரு பெட்டி புகுந்தால் இந்தச் செய்தி சரியான நேரத்தில் சரியான ஆளிடம் போகாமல், ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி, கணக்கைத் தேடி எடுக்க உதவும் இன்டெக்ஸ் கெட்டுப்போகலாம். அப்படிப்பட்ட கணக்கை நடுப்பெட்டியின் சொந்த டிஸ்க்கிலேயே வைத்து, அந்தக் கோப்புகளுக்கு மட்டும் இந்த அனுமதியை சாம்பாவில் நிறுத்திவிட்டு, இரவில் ஒரு பிரதியைப் பெரிய சர்வருக்கு அனுப்புவது நல்லது.

இதில் எதைத் தொடுவதற்கும் முன்னால் எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுத்துவிடுங்கள். குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் போதும். டாங்கிளும் கார்டும் நன்றாக இருந்தாலும், அந்த டிஸ்க்கில் உள்ள டிரைவர்களும் அமைப்புகளும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். எடுத்த பிரதியை வேறொரு டிஸ்க்கில் இறக்கி, அதை மாட்டி, மிஷின் ஒரு டிசைனை முழுதாகத் தைத்து முடிக்கிறதா என்று பார்த்த பிறகு நெட்வொர்க் வேலைக்குப் போங்கள்.