வேலைய முடிச்சு குடுத்தும் கம்பெனி காசு தரலையா? உத்யம் பதிவும் 45 நாள் ரூலும்

வீட்ல உக்காந்து லோகோ டிசைன், வீடியோ எடிட்டிங், கன்டென்ட், வெப்சைட், சோஷியல் மீடியான்னு கம்பெனிகளுக்கு வேலை செஞ்சு குடுத்து பொழைக்கிறவங்க நம்ம ஊர்ல இப்போ ஏகப்பட்ட பேர் இருக்காங்க. க்ளையன்ட் பிடிக்கிறது கூட ஒரு மாதிரி பழகிடுது, முடிச்ச வேலைக்கு காசு வாங்குறதுதான் பெரும்பாடு. "பில் அக்கவுன்ட்ஸ்க்கு போயிருச்சு", "அடுத்த பேமென்ட் சைக்கிள்ல வந்துரும்", "அப்ரூவல் பண்றவர் லீவ்ல இருக்கார்"னு மாசக்கணக்கா ஓடும். பெரிய கம்பெனின்னா 90 நாள் க்ரெடிட்னு அக்ரிமென்ட்லயே போட்டுருவாங்க, நாமளும் வேலை வந்தா போதும்னு சைன் பண்ணிடுவோம்.

ஆனா இதுக்குன்னே சென்ட்ரல் கவர்மென்ட் சட்டம் ஒண்ணு இருக்கு, 2006ல வந்த எம்எஸ்எம்இடி ஆக்ட், அதாவது குறு, சிறு, நடுத்தர தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டம். சிறுதொழில் சட்டம்னதும் லேத் பட்டறை, பனியன் கம்பெனிக்குத்தான்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, அது தப்பு. சர்வீஸ் குடுக்கிறவங்களும் இதுல வர்றாங்க. தனி ஆளா ஒரு லேப்டாப்ப வச்சு வேலை பாக்குற ஃப்ரீலான்ஸரும் புரொப்ரைட்டரா, அதாவது தனி ஆள் தொழிலா, உத்யம்ங்கிற அரசு பதிவுல சேர்ந்துக்கலாம், வருஷ டர்ன்ஓவர் 10 கோடிக்குள்ள, முதலீடு 2.5 கோடிக்குள்ள இருந்தா மைக்ரோ (குறு தொழில்), அதாவது நாம எல்லாரும் மைக்ரோதான்.

சட்டம் சொல்றது இதுதான். நாள் எதுவும் பேசிக்கலைன்னா, வேலைய அவங்க ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 15 நாள்ல காசு குடுக்கணும். எழுத்துல ஒரு தேதி பேசியிருந்தா அந்த தேதிக்குள்ள, ஆனா அதுவும் 45 நாளத் தாண்டக் கூடாது. 90 நாள்னு அக்ரிமென்ட்ல சைன் பண்ணியிருந்தாலும் சட்டப்படி கெடு 45 நாள்தான். "ஏத்துக்கிட்ட நாள்"னா எதுன்னு இழுக்க முடியாது, ஃபைல அனுப்பி 15 நாளுக்குள்ள அவங்க எழுத்துல எந்த ஆட்சேபணையும் சொல்லலைன்னா டெலிவரி பண்ண நாள்லயே ஏத்துக்கிட்டதா கணக்கு. அதனால ஃபைனல் ஃபைல வாட்ஸ்அப்ல தட்டிவிட்டுட்டு சும்மா இருக்காதீங்க, ஒரு மெயில்ல "இன்ன வேலை, இன்னைக்கு டெலிவரி பண்ணிட்டேன்"னு அனுப்பி வச்சுக்குங்க, பின்னாடி நாள் கணக்கு அந்த மெயில்ல இருந்துதான் ஓடும்.

கெடு தாண்டுனா வட்டி உண்டு. ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்ட மூணால பெருக்குங்க, அதுதான் வருஷ வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா ஏறும். பேங்க் ரேட் 5.5 சதவீதம்னு வச்சா வட்டி 16.5 சதவீதம், 60,000 ரூபா பில்லுக்கு முதல் மாசம் 825 ரூபா, ஆறு மாசம் இழுத்தடிச்சா 5,100 ரூபா கிட்ட வரும். இந்த வட்டிய கம்பெனி செலவா காட்டி வரில கழிச்சுக்கவும் முடியாது.

கம்பெனிகள நெஜமாவே யோசிக்க வைக்கிறது 2023 பட்ஜெட்ல வருமான வரிச் சட்டத்துல சேர்த்த 43பி(எச்)ங்கிற செக்ஷன்தான். மைக்ரோ, ஸ்மால் பதிவு இருக்கிறவங்களுக்கு கெடு தாண்டி பாக்கி வச்சு, மார்ச் 31 வரைக்கும் குடுக்கலைன்னா அந்த தொகைய அந்த வருஷத்து செலவா காட்ட முடியாது, எந்த வருஷம் குடுக்கிறாங்களோ அப்பதான் கழிக்கலாம். உங்களுக்கு 2 லட்சம் பாக்கி வச்சிருக்கிற கம்பெனி 25 சதவீத வரி கட்டுதுன்னா, செஸ் சேர்க்காமலே 50,000 ரூபா கூடுதல் வரி அந்த வருஷம் கைய விட்டுப் போகும். அவங்க ஆடிட்டருக்கு இது நல்லா தெரியும். 2026 ஏப்ரல்ல இருந்து வந்த புது வருமான வரிச் சட்டத்துலயும் இந்த ரூல் தொடருது, செக்ஷன் நம்பர்தான் வேற.

இதுக்கெல்லாம் உங்களுக்கு உத்யம் பதிவு இருக்கணும், அதுவும் வேலைய ஒத்துக்கறதுக்கு முன்னாடியே இருக்கணும். காசு வரலைன்னதும் ஓடிப்போய் பதிவு பண்ணி பழைய பில்லுக்கு கேக்கிறத கோர்ட் ஏத்துக்கல, 2022ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லிச்சு. அப்புறம் அந்த கேள்விய பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்காங்கதான், ஆனா அத நம்பி நாம ரிஸ்க் எடுக்க வேண்டாம், இன்னைக்கே பண்ணிடுங்க.

பதிவுக்கு காசு கிடையாது, ஒத்தப் பைசா கிடையாது. கூகுள்ல தேடுனா மேலயே வர்ற பல தளங்கள் கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், கடைசில ஃபீஸ் கேக்கும், அதுல போய் ஏமாறாதீங்க. சரியான அட்ரஸ் உத்யம்ரெஜிஸ்ட்ரேஷன் டாட் ஜிஓவி டாட் இன். ஆதார், அதோட லிங்க் ஆன போன், பான், பேங்க் அக்கவுன்ட் இருந்தா போதும், சர்டிஃபிகேட் அப்லோடு எதுவும் இல்ல. ஜிஎஸ்டி எடுக்க வேண்டிய அளவு வருமானம் இல்லைன்னா ஜிஎஸ்டி நம்பரும் தேவையில்ல. ஃபார்ம்ல ஆர்கனைசேஷன் டைப்னு கேக்கிற இடத்துல புரொப்ரைட்டரி, மேஜர் ஆக்டிவிட்டில சர்வீசஸ் போடுங்க, ட்ரேடிங்னு போட்டுடாதீங்க, ஏன்னா வாங்கி விக்கிறவங்களுக்கு இந்த லேட் பேமென்ட் பாதுகாப்பு கிடையாது.

நம்பர் வந்ததும் ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் அத போடுங்க. புது கம்பெனில வெண்டரா சேர்க்கும்போது ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க, பான், பேங்க் டீடெயில் எல்லாம் கேட்டு நடுவுல "எம்எஸ்எம்இ: யெஸ் / நோ"ன்னு ஒரு கட்டம் இருக்கும், பாதிப் பேர் என்னன்னு தெரியாம நோ போட்டுட்டு போயிடுறாங்க. அந்த ஒரு டிக் அவ்வளவு முக்கியம், அத வச்சுதான் அவங்க சாஃப்ட்வேர்ல உங்க பில் 45 நாள் லிஸ்ட்ல போகுமா போகாதான்னு முடிவாகும். 45 நாளத் தாண்டுன எம்எஸ்எம்இ பாக்கிய கம்பெனிங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா எம்எஸ்எம்இ-1ன்னு ஒரு ஃபார்ம்ல அரசுக்கு சொல்லியாகணும்கிறதும் இருக்கு.

அப்படியும் வரலைன்னா நேரா கேஸ்னு போக வேண்டாம். அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டுக்கு மரியாதையா ஒரு மெயில், இன்வாய்ஸ் நம்பர், டெலிவரி தேதி, உத்யம் நம்பர், எம்எஸ்எம்இடி ஆக்ட் செக்ஷன் 15, 16 படி இன்னைய தேதிக்கு வட்டி இவ்வளவுன்னு எழுதுங்க. உங்களுக்கு வேலை குடுத்த மார்க்கெட்டிங் ஆளுக்கு மட்டும் அனுப்புனா அது அவர்கிட்டயே கிடக்கும். பெப்ரவரி, மார்ச்ல அனுப்புற மெயிலுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி, காரணம் மேல சொன்ன வரி விஷயம்.

அதுக்கும் அசையலைன்னா ஃபெசிலிடேஷன் கவுன்சில்ல, அதாவது இந்த பாக்கி தகராறுகள விசாரிக்க இதே சட்டப்படி இருக்கிற அரசு அமைப்புல, புகார். 2017ல வந்த சமாதான் போர்ட்டல்ல குடுத்துக்கிட்டு இருந்தோம், 2025 ஜூன்ல இருந்து ஓடிஆர்னு (ஆன்லைன்லயே தகராறு தீர்க்கிறது) புது போர்ட்டல் வந்திருக்கு. நமக்கு பெரிய நிம்மதி என்னன்னா, கம்பெனி டெல்லியிலயோ மும்பையிலயோ இருந்தாலும் கேஸ் நம்ம பக்கத்து கவுன்சில்லதான் நடக்கும். முதல்ல சமரசம் பேசிப் பாப்பாங்க, ஒத்து வரலைன்னா ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரிச்சு தீர்ப்பு சொல்றது. 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதுக்கு மேலயும் இழுக்குது, அதுக்கு தயாரா இருந்துக்குங்க. ஆனா கவுன்சில் உங்க பக்கம் தீர்ப்பு சொல்லி, கம்பெனி அத எதிர்த்து கோர்ட்டுக்கு போகணும்னா முதல்ல 75 சதவீத தொகைய டெபாசிட் பண்ணணும், இதுக்கு பயந்தே நடுவுல செட்டில் பண்றவங்க உண்டு.

கேஸ் போட்டா அந்த க்ளையன்ட் திரும்ப வர மாட்டான்னு பயம் இருக்கும், நியாயமான பயம்தான். ஆறு மாசமா காசு தராதவன் திரும்ப வந்து என்ன ஆகப்போகுது, அத நீங்களே யோசிச்சுக்குங்க.

வெளிநாட்டு க்ளையன்டுக்கு இது செல்லாது, வாங்குறவங்க இந்தியாவுல இருக்கணும். அமெரிக்கா, துபாய் க்ளையன்ட்னா பாதி அட்வான்ஸ், இல்ல எஸ்க்ரோ (வேலை முடியிற வரைக்கும் காச நடுவுல பிடிச்சு வைக்கிற ஏற்பாடு) உள்ள தளம் வழியா வாங்குறதுதான் வழி. ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற உள்ளூர் க்ளையன்டுக்கு, பதிவு பண்ண அன்னைக்கே சர்டிஃபிகேட் பிடிஎஃப்ப மெயில்ல அனுப்பி, அடுத்த மாச வேலைக்கு புதுசா ஒரு வொர்க் ஆர்டர் கேட்டு வாங்கிடுங்க.